நாற்காலியில் துணி மலை: 15 வயது மகளின் அறையை எப்படிச் சீராக்குவது?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. அவள் அறைக்குள் கால் வைக்க இடமில்லை. நாற்காலியில் துணி மலைபோல் குவிந்திருக்கிறது, ஈரத் துண்டு கட்டிலிலேயே கிடக்கிறது, மேஜைக்கு அடியில் சாப்பிட்ட தட்டு. எத்தனை தடவை சொன்னாலும் "அப்புறம் பண்றேன்மா" என்று கதவைச் சாத்திக்கொள்கிறாள். போன வாரம் அவள் பள்ளிக்குப் போயிருந்தபோது நானே உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒழித்து, கிறுக்கிப் போட்டிருந்த பழைய தாள்களைக் குப்பையில் போட்டேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அழுதாள். மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் என்னதான் செய்வது?

பதில்: அவ்வளவு நேரம் குனிந்து நிமிர்ந்து வேலை பார்த்தவருக்கு அந்த அழுகை எவ்வளவு வலித்திருக்கும் என்று புரிகிறது. ஆனாலும் அவள் பக்கம் நின்று கொஞ்சம் பாருங்கள். படிப்பு, நேரம், வெளியே போவது, வருவது என எல்லாவற்றையும் பெரியவர்கள் முடிவு செய்கிற வயதில், அவள் சொல்படி நடக்கிற ஒரே இடம் அந்த அறைதான். அவள் இல்லாத நேரத்தில் அங்கே கை வைத்ததும், எது வேண்டும் எது வேண்டாம் என்று அவளைக் கேட்காமல் முடிவு செய்ததும்தான் அவளை அழவைத்திருக்கின்றன. அறை சுத்தமானது அவளுக்கு ஒரு குறையே இல்லை.

அடுத்தது, "ரூமைச் சுத்தம் பண்ணு" என்ற வாக்கியம். நமக்கு அது ஒரு வேலை. அவளுக்கு அது ஐம்பது கேள்விகள். இந்தச் சட்டை துவைக்கவா, மடிக்கவா? இந்த நோட்டு இன்னும் வேண்டுமா? முதலில் எதைத் தொடுவது? ஒரு வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, வரிசைப்படுத்தி, தொடங்கி, முடிக்கும் திறன் மூளையின் முன்பகுதியைச் சார்ந்தது. அந்தப் பகுதி முழுமையாக முதிர்ச்சியடைய ஏறக்குறைய 25 வயதாகிவிடும். ஆகவே வாசலில் நின்று குவியலைப் பார்த்துவிட்டு அவள் திரும்பப் படுத்துக்கொண்டால், அதைச் சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டாதீர்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் திகைத்து நிற்கிறாள், அவ்வளவுதான். இந்த வயதில் உடலின் தூக்க நேரமும் பின்னுக்குத் தள்ளிப்போகிறது. 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவைப்படுகிற பிள்ளையிடம் காலை அவசரத்தில் அறையைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

இப்போது அந்த நாற்காலிக்கு வருவோம். எனக்கு அதுதான் முக்கியம். அதிலிருக்கும் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவை ஒருமுறை போட்டுக் கழற்றியவையாக இருக்கும். துவைத்த துணிக்கு அலமாரி இருக்கிறது, அழுக்குத் துணிக்குக் கூடை இருக்கிறது. ஒரு மணி நேரம் போட்டு, இன்னொரு முறை போடக்கூடிய துணிக்கு வீட்டில் எங்கே இடம்? எங்குமே இல்லை. அதனால் அது நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறது. கதவுக்குப் பின்னால் நான்கைந்து கொக்கிகள் அடித்துக் கொடுங்கள். பாதி மலை அங்கே போய்விடும்.

கூடையையும் கவனியுங்கள். குளியலறைப் பக்கம் மூடி போட்டு இருந்தால் அவள் கைக்கு அது தூரம். மூடியைக் கழற்றிவிட்டு, அவள் எங்கே நின்று உடை மாற்றுகிறாளோ அங்கேயே வையுங்கள். ஒரு சட்டையை அலமாரிக்குள் வைக்கக் கதவைத் திறந்து, ஹேங்கர் தேடி, மாட்டி, தொங்கவிட்டு, மூட வேண்டும். ஐந்து அசைவு. திறந்த கூடைக்கு ஒரே ஒரு வீச்சு போதும். களைத்து வரும் பிள்ளை எதைச் செய்யும் என்பதை வைத்துத்தான் அறையை அமைக்க வேண்டும். சார்ஜர், பை, தலைப்பின், புத்தகம் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

எல்லாவற்றிலும் பிடிவாதம் பிடிக்காதீர்கள். நான்கே விஷயங்களில் மட்டும் உறுதியாக நில்லுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். தட்டும் டம்ளரும் அன்றிரவே சமையலறைக்குத் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் எறும்பும் கரப்பானும் வரும். ஈரத் துண்டு கொடியிலோ கொக்கியிலோ விரிந்து காய வேண்டும். ஈரம் ஓரிரு நாள் தங்கினாலே பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். கட்டிலிலிருந்து கதவு வரை தரை காலியாக இருக்க வேண்டும். இருட்டில் எழுந்து வந்தால் தடுக்கி விழக்கூடாது. போனைத் தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடக்கூடாது. சூடு வெளியேற வழியில்லாமல் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. போர்வை மடிக்கவில்லை, மேஜை கலைந்திருக்கிறது என்பதையெல்லாம் அவள் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். எனக்குத் தெரியும், இதுதான் உங்களுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கும்.

முதல் சுத்தத்தை அவளோடு சேர்ந்து செய்யுங்கள், அவள் தேர்ந்தெடுக்கும் நாளில். 20 நிமிடம் அலாரம் வைத்துக்கொள்ளலாம். முதலில் குப்பையை மட்டும் பொறுக்குங்கள், பிறகு பாத்திரம், பிறகு துணி. தாள்களைக் கடைசிக்கு விடுங்கள், அவற்றில்தான் நேரமும் மனமும் சிக்கிக்கொள்ளும். முடிவு செய்ய முடியாதவற்றை ஒரு பெட்டியில் போட்டு, தேதி எழுதி, மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம். அலமாரி முழுவதையும் ஒரேயடியாக வெளியே கொட்டவே வேண்டாம். பாதியில் களைத்தால் முன்பைவிட மோசமாகிவிடும். உங்கள் வேலை பக்கத்தில் இருப்பது, கேட்டால் எடுத்துக் கொடுப்பது. "இதை எதுக்கு வெச்சிருக்கே?" என்ற கேள்வி மட்டும் வாயில் வரக்கூடாது.

அதன்பிறகு தினமும் பத்து நிமிடம், வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் போதும். அந்த அரை மணியில் மேலிருந்து கீழே வரவேண்டும்: முதலில் அலமாரி, மேஜைத் தூசி, கடைசியில்தான் தரை. படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை மாற்றச் சொல்லுங்கள். நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகள்களைத் தின்று படுக்கையில் வாழும் சிற்றுண்ணிகள் பலருக்குத் தும்மலையும் ஆஸ்துமாவையும் தூண்டும். துணி தாங்குமென்றால் 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் அவை சாகும். சலவை இயந்திரத்தை இயக்க அவளுக்கே கற்றுக்கொடுங்கள். கூடைக்கு வராத துணியை நீங்கள் தேடிப் போய் எடுக்காதீர்கள். இந்த வேலைகளுக்கெல்லாம் அவளுக்குப் பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். எப்போதும் ஒழுங்காக இருந்த பிள்ளையின் அறை திடீரென்று இப்படி ஆகி, கூடவே தூக்கம், பசி, தோழிகள், பிடித்த பொழுதுபோக்கு எல்லாவற்றிலும் ஆர்வம் குறைந்து, அது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அறையை மறந்துவிட்டு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சின்ன வயதிலிருந்தே பொருட்களைத் தொலைப்பது, எதையும் பாதியில் விடுவது என்று இருந்தால் கவனக்குறைபாடு (ADHD) உண்டா என்றும் கேட்டுப் பார்க்கலாம். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கண்ணில் படாத பொருள் நினைவிலும் இராது. மூடிய அலமாரியைவிடக் கதவில்லாத அலமாரித் தட்டுகளும் உள்ளே இருப்பது தெரியும் பெட்டிகளும்தான் அவர்களுக்கு உதவும்.

கொக்கியும் கூடையும் அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளலாம். இன்று மாலை அவள் அறைக் கதவைத் தட்டி, அவள் "வாங்க" என்று சொன்ன பிறகு உள்ளே போங்கள். அந்தத் தாள்களைக் கேட்காமல் தூக்கிப்போட்டது தப்பு என்று சொல்லுங்கள், அவற்றில் என்ன இருந்தது என்றும் கேளுங்கள். அறையைப் பற்றி இன்று வேறு எதுவும் பேச வேண்டாம்.