டூர் கொட்டேஷனில் வரும் சி.பி., ஏ.பி., சி.என்.பி. எல்லாம் என்ன?

கேள்வி: நாங்கள் காவேரிப்பட்டணத்தில் இருக்கிறோம். நான், கணவர், மாமியார், 9 வயது மகள், 4 வயது மகன். மே மாத லீவில் மூணாறு, ஆலப்புழை போகலாம் என்று மூன்று டிராவல்ஸில் விலை கேட்டேன். ஒருவர் '3 நைட்ஸ் 4 டேஸ், எக்ஸ் கொச்சி, சி.பி., ஹவுஸ்போட் ஏ.பி., ட்வின் ஷேரிங், 1 எக்ஸ்ட்ரா பெட், 1 சி.என்.பி.' என்று அனுப்பியிருக்கிறார். இன்னொருவர் எம்.ஏ.பி. என்கிறார். மூன்றாமவர் வீட்டு வாசலிலிருந்தே வண்டி தருகிறார், ஆனால் 'ஷெட் டு ஷெட்' என்று போட்டிருக்கிறது. எதுவும் புரியவில்லை. குறைந்த விலை சொன்னவருக்கே அட்வான்ஸ் போட்டுவிடலாமா?

பதில்: இன்னும் போடாதீர்கள். உங்களிடம் இருப்பது மூன்று வெவ்வேறு பயணங்களுக்கான விலை. ஒன்றில் இருக்கும் சாப்பாடு இன்னொன்றில் இல்லை, ஒன்றில் இருக்கும் தூரம் இன்னொன்றில் இல்லை. இவற்றை ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் எது மலிவு என்று சொல்ல முடியும்.

முதலில் 'எக்ஸ் கொச்சி'. உங்கள் கணக்கில் பெரிய ஓட்டை இதுதான். கொச்சியில் வண்டி ஏறுவதிலிருந்து திரும்பக் கொச்சியில் இறங்குவது வரைதான் அந்த விலை. காவேரிப்பட்டணத்திலிருந்து கொச்சிக்குப் போய் வருவது உங்கள் செலவு. உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் கிருஷ்ணகிரியில் ரயிலே கிடையாது என்பதால் தர்மபுரிக்கோ சேலத்துக்கோ போக வேண்டும். தர்மபுரி வழியாகப் போகும் பெங்களூரு–எறணாகுளம் இன்டர்சிட்டி வசதியானதுதான், ஆனால் அது பகல் ரயில். மாலையில் எறணாகுளத்தில் இறங்கி, அங்கிருந்து சுமார் 130 கி.மீ. மலைப்பாதையில், இருட்டில், நாலு வயதுப் பையனோடும் பெரியவரோடும் மூணாறு போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கொச்சியில் ஒரு இரவு தங்கினால் அது நாலாவது இரவு, தனிச் செலவு. இரவில் சேலத்தைத் தாண்டிப் போகும் சென்னை–கேரள ரயில்களில் டிக்கெட் கிடைத்தால் காலையில் இறங்கி, பகலிலேயே மலை ஏறிவிடலாம். முன்பதிவு 60 நாளைக்கு முன்பு திறக்கும், அன்றைக்கே போட்டுவிடுங்கள். நடுவழி ஸ்டேஷனில் ஏறுபவர்களுக்கு பி.க்யூ.டபிள்யூ.எல்., ஆர்.எல்.டபிள்யூ.எல். என்று வரும் வெயிட்டிங் லிஸ்ட் நகர்வது கடினம். ஆர்.ஏ.சி. என்றால் ரயில் ஏறலாம், ஆனால் ஒரு சைடு பெர்த்தை இருவர் பகிர்ந்து உட்கார வேண்டியிருக்கும்.

'3 நைட்ஸ் 4 டேஸ்' என்பதில் இரவை மட்டும் எண்ணுங்கள். வந்து சேரும் நாளும் கிளம்பும் நாளும் பகல் கணக்கில் சேர்ந்துவிடும். அறை கிடைப்பது மதியம் 12 அல்லது 2 மணிக்கு. காலையிலேயே போய்ச் சேர்ந்தால் 'ஏர்லி செக்-இன்' கேட்க வேண்டும். அறை காலியாக இருந்தால்தான் தருவார்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். ஈ.பி. என்றால் அறை மட்டும். சி.பி. என்றால் அறையும் காலைச் சிற்றுண்டியும். எம்.ஏ.பி. என்றால் காலைச் சிற்றுண்டியோடு இன்னொரு வேளை, நம் பக்கம் பெரும்பாலும் இரவுச் சாப்பாடு. ஏ.பி. என்றால் மூன்று வேளையும். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க ஹோட்டல்களில் அறைக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்தே வாடகை வாங்கினார்கள், ஐரோப்பாவில் அறைக்கு மட்டும். அமெரிக்கன் பிளான் (ஏ.பி.), யூரோப்பியன் பிளான் (ஈ.பி.) என்ற பெயர்கள் அங்கிருந்து வந்தவை. உங்களுக்குத் தேவையான கணக்கு இதுதான்: முதலாமவரின் சி.பி.யில் மூணாறில் இரண்டு இரவுச் சாப்பாடு, ஐந்து பேருக்கு, வெளியே வாங்க வேண்டும். அதைச் சேர்த்தால் எம்.ஏ.பி. சொன்னவர் உண்மையில் மலிவாக இருக்கலாம்.

ஹவுஸ்போட்டில் ஏ.பி. இயல்பானது. மதியம் 12 மணிவாக்கில் ஏறி மறுநாள் காலை 9 மணிவாக்கில் இறங்குவது வழக்கம் என்பதால் மதியச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு, காலைச் சிற்றுண்டி என்று மூன்றும் அடங்கும். மாலை ஐந்தரை மணியளவில் படகைக் கரையில் கட்டிவிடுவார்கள், இரவில் ஓட்ட மாட்டார்கள். ஏ.சி. இரவில் மட்டுமா, முழு நேரமுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மே மாதப் புழுக்கத்தில் பெரியவருக்கு இது முக்கியம்.

'ட்வின் ஷேரிங்' என்றால் இரண்டு பேர் ஒரே அறையில் தங்கும்போது ஒருவருக்கு ஆகும் விலை. அதை ஐந்தால் பெருக்கக் கூடாது. 'எக்ஸ்ட்ரா பெட்' அந்த அறையிலேயே மூன்றாமவருக்கு. சி.என்.பி. என்றால் தனிப் படுக்கை இல்லாமல் பெற்றோரோடு படுக்கும் குழந்தை, தனிப் படுக்கை தந்தால் சி.டபிள்யூ.பி. அவர் போட்டிருக்கும் ஒரே எக்ஸ்ட்ரா பெட் மாமியாருக்கா, மகளுக்கா? மகளுக்கு என்றால் மாமியார் எங்கே படுப்பார்? பல இடங்களில் எக்ஸ்ட்ரா பெட் என்பது தரையில் போடும் மெத்தை. மூட்டுவலி உள்ளவரை அதில் படுக்கவைக்க முடியாது. என் யோசனை, இரண்டு அறை கேளுங்கள்: மாமியாரும் மகளும் ஒன்றில், நீங்கள் இருவரும் மகனும் இன்னொன்றில். மகனுக்கு இலவசமா என்றும் கேளுங்கள். 5 வயதுக்குள் பல ஹோட்டல்களில் பணம் வாங்குவதில்லை, ஆனால் வயது வரம்பு ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும்.

அப்புறம் மூன்றாமவரின் வண்டி. 'ஷெட் டு ஷெட்' என்றால் கிலோமீட்டர் கணக்கு அவர்கள் வண்டி நிறுத்தும் ஷெட்டில் தொடங்கி அங்கேயே முடியும். ஷெட் ஓசூரில் இருந்தால், அங்கிருந்து உங்கள் வீடு சுமார் 60 கி.மீ. போக வர 120 கி.மீ. காலி வண்டி ஓடும், பணம் நீங்கள் தருவீர்கள். ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கி.மீ. என்று வைத்திருந்தால், 800 கி.மீ. மட்டுமே ஓடினாலும் நாலு நாளைக்கு 1,000 கி.மீ.க்கு பில் வரும். டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங், கேரளா பெர்மிட் உள்ளேயா வெளியேயா என்றும் கேளுங்கள். வண்டி மஞ்சள் போர்டாக இருக்கட்டும். சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுத்து விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் சிக்கலாகிவிடும்.

'சப்ஜெக்ட் டு' என்று தொடங்கும் வரி எதுவாக இருந்தாலும் நிறுத்திப் படியுங்கள். இதை நான் என் தவறிலிருந்து சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு குழுவை ஒகேனக்கல் அழைத்துப்போனேன். 'பரிசல் உண்டு, சப்ஜெக்ட் டு வாட்டர் லெவல்' என்று நானே எழுதிக் கொடுத்திருந்தேன். கர்நாடக அணைகளிலிருந்து அதிகத் தண்ணீர் திறந்துவிட்டதால் பரிசலுக்கும் குளிப்பதற்கும் மாவட்ட நிர்வாகம் தடை போட்டுவிட்டது. தடை சரியானதுதான். பரிசல் ஓடாவிட்டால் அந்தப் பணம் என்ன ஆகும் என்று நான் எழுதாததுதான் பிழை. பணத்தைத் திருப்பித் தந்தேன், ஆனால் அதற்குள் அந்தப் பெரியவர்களுக்கு என் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. அதனால், நடக்காவிட்டால் பணம் திரும்புமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

'ஆர் சிமிலர்' என்றால் சொன்ன ஹோட்டலுக்குப் பதில் வேறொன்று தரலாம் என்று பொருள். மே மாதக் கூட்டத்தில் இது அடிக்கடி நடக்கும். மாற்றினால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். 'சீசன் சப்ளிமென்ட் எக்ஸ்ட்ரா' (கூட்ட நாளுக்கான கூடுதல் கட்டணம் தனி), 'ஜி.எஸ்.டி. எக்ஸ்ட்ரா' என்று இருந்தால் இரண்டையும் சேர்த்த மொத்தத் தொகையை ரூபாயில் கேளுங்கள்.

இப்போது மூவருக்கும் ஒரே செய்தியை அனுப்புங்கள்: 'காவேரிப்பட்டணத்திலிருந்து காவேரிப்பட்டணம் வரை, 3 பெரியவர்கள், 9 வயது, 4 வயது, இரண்டு அறை, மூணாறில் எம்.ஏ.பி., ஹவுஸ்போட்டில் ஏ.பி., டோல், பேட்டா, பெர்மிட், வரி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? ஹோட்டல் பெயர் என்ன? 15 நாளைக்கு முன் கேன்சல் செய்தால் எவ்வளவு திரும்பும்?' தெளிவாகப் பதில் தருபவருக்கு அட்வான்ஸ் கொடுங்கள். பிறகு அறை பதிவானதற்கான கன்ஃபர்மேஷன் வவுச்சர் வாங்கி, ஹோட்டலின் எண்ணை நீங்களே தேடி எடுத்து, உங்கள் பெயரில் அறை இருக்கிறதா என்று ரிசப்ஷனில் கேளுங்கள். இருக்கிறது என்று அவர்கள் சொன்ன பிறகு மீதிப் பணத்தைக் கட்டுங்கள்.