இலைக்கடியைப் பார்க்காமல் பாட்டில் வாங்குகிறவர்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டுச் செடிகளில் இறங்கிய பூச்சிகளைப் பற்றியவை. ரசாயன மருந்து தெளிக்க மனமில்லாதவர்கள், அதற்கு மாற்றாகக் கடையில் எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறார்கள். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: செம்பருத்தியில் மாவுப்பூச்சி. "நூறு சதவீதம் இயற்கை" என்ற விளம்பரத்தை நம்பி இணையத்தில் 649 ரூபாய்க்குக் கால் லிட்டர் பாட்டில் வாங்கினேன். தெளித்த அரை மணி நேரத்தில் பூச்சிகள் உதிர்ந்தன. மறுநாள் தொட்டியைச் சுற்றித் தேனீக்கள் செத்துக் கிடந்தன. வாரம் முடிவதற்குள் இலைகளும் பழுத்துக் கொட்டிவிட்டன. உள்ளே என்ன இருக்கிறது என்று பாட்டிலில் ஒரு வார்த்தைகூட இல்லை. விற்றவர் பதிலே தருவதில்லை.
— கீழக்கரை வாசகி

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், அம்மா. ஆய்வகத்தில் சோதிக்காமல் அந்தப் பாட்டிலில் என்ன இருந்தது என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இயற்கை மருந்து என்று விற்பது பெரும்பாலும் வேம்புதான்; வேம்பு அப்படி வேலை செய்யாது. வேம்பில் உள்ள அசாடிராக்டின் என்ற பொருள் பூச்சியைத் தின்னவிடாமலும் தோலுரித்து வளரவிடாமலும் தடுக்கிறது. பலன் தெரியச் சில நாட்கள் பிடிக்கும். மெழுகுப் பூச்சு போர்த்திய மாவுப்பூச்சி அரை மணி நேரத்தில் கொத்தாக உதிர்கிறது, மறுநாள் தேனீயும் சாகிறது என்றால், இயற்கை என்ற பெயரில் வேறு எதையோ கலந்து விற்றிருக்கிறார்கள் என்றுதான் நான் சந்தேகிப்பேன்.

இந்த இடத்தில் என் பழைய மனக்குறையைக் கொட்ட அனுமதியுங்கள். பூச்சியைக் கொல்லும் என்று சொல்லி விற்கப்படும் மருந்து, வேம்பிலிருந்து எடுக்கப்பட்ட அசாடிராக்டின் மருந்தாகவே இருந்தாலும், 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண், தயாரித்தவரின் பெயர், செயல்படும் பொருளின் பெயரும் சதவீதமும், தொகுதி எண், காலாவதித் தேதி ஆகிய அனைத்தும் லேபிளில் இருந்தாக வேண்டும். கூடவே, நச்சின் அளவைக் காட்டும் சாய்சதுரக் குறியும் இருக்க வேண்டும். அதன் கீழ்ப்பாதி சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நஞ்சின் கடுமை குறையக் குறைய நிறம் மாறும். பச்சையைப் பார்த்ததும் இயற்கைப் பொருள் என்று நினைப்பவர்கள் பலர். பச்சை என்றால் நஞ்சு குறைவு என்று மட்டுமே பொருள். ரசாயன மருந்துக்கும் பச்சைக் குறி உண்டு. இந்தச் சட்டத்தின் பிடியிலிருந்து நழுவுவதற்காகவே சில வியாபாரிகள் லேபிளில் "செடி டானிக்" என்று அச்சடித்துவிட்டு, விளம்பரக் காணொளியில் மட்டும் அது பூச்சியை ஒழிக்கும் என்று வாய் கூசாமல் சொல்கிறார்கள். ராமநாதபுரத்தில் நடந்த ஒரு பொருட்காட்சியில், லேபிளில் அழகான வேப்பிலைப் படம் இருந்த ஒரே காரணத்துக்காக நானும் அப்படி ஒரு பாட்டிலை 280 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீட்டில் படித்தபோது, அதில் கடைக்காரரின் கைப்பேசி எண்ணைத் தவிர வேறு எதுவும் இல்லை.

பாட்டிலையும் மிச்ச மருந்தையும் கொட்டாமல் வையுங்கள். பாட்டிலின் நான்கு பக்கத்தையும், விளம்பரத்தையும், பழுத்த இலைகளையும் படம் எடுங்கள். அந்த விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் அவர் பெற்றுக்கொண்டதை ஒப்புக்கொள்ளவும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தரவும் கடமைப்பட்டவர். அதற்கும் மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதன் பிறகும் வழி பிறக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் சட்டப்படி, விற்றவர் தில்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதென்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. 649 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று கேட்பீர்கள். எல்லோரும் அப்படிக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவார்கள் என்பதுதான் விற்றவரின் கணக்கு.

கேள்வி: பூஜைக் கடையில் வாங்கிய வேப்பெண்ணெயைத் தண்ணீரில் கலந்து துளசிக்குத் தெளித்தேன். பலனில்லை. பாட்டிலில் "விளக்கேற்ற மட்டும்" என்று போட்டிருந்தது.
— ராமேஸ்வரம் வாசகர்

பதில்: போட்டிருந்ததை நீங்கள் படித்தும் இருக்கிறீர்கள். விளக்கேற்றுங்கள்.

கேள்வி: எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பைக் கரைத்து வேப்பெண்ணெயைக் கலந்தால் திரிதிரியாகிவிடுகிறது. மூன்று வகை சோப்பு மாற்றிவிட்டேன். எந்த சோப்பு வாங்குவது?
— உச்சிப்புளி வாசகி

பதில்: சோப்பை மாற்றிப் பயனில்லை, தண்ணீரை மாற்றுங்கள். நம் கரையோரக் கிணற்று நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைத் திரியாகிவிடும். திரிந்த சோப்பு பூச்சியை ஒன்றும் செய்யாது, எண்ணெயையும் கரைக்காது. இலைமேல் வெள்ளையாகப் படிந்து, தெளிப்பானின் மூக்கை அடைத்துக்கொள்ளும். கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் கலக்கிப் பார்த்தாலே தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் பிடித்து வைத்த மழைத் தண்ணீர் இருந்தால் அதைவிட நல்லது இல்லை. இல்லாவிட்டால் குடிக்க வாங்கும் தண்ணீரில் ஒரு லிட்டர் போதும்.

முதலில் 5 மில்லி வேப்பெண்ணெயில் ஒன்றிரண்டு மில்லி திரவ சோப்பைத் தனியாகக் குழைத்துக்கொண்டு, பிறகு ஒரு லிட்டர் தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் குலுக்க வேண்டும். பால் கலந்த தேநீர் போல ஒரே சீராக வர வேண்டும். மேலே பொன்னிறப் பொட்டுகள் மிதந்தால் தெளிக்காதீர்கள். அந்தப் பொட்டு விழுந்த இடத்தில் இலை வெந்துபோகும். சோப்புக்குப் பதிலாக நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் பூந்திக்கொட்டையை ஊறவைத்த நீரைச் சேர்க்கலாம். அது உப்புத் தண்ணீரிலும் திரியாது. சலவைத் தூள் கூடவே கூடாது. வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளித்து, ஐந்தாறு நாள் இடைவெளியில் மூன்று முறை செய்யுங்கள். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும்.

கேள்வி: மஞ்சள் ஒட்டும் அட்டை 50 வாங்கிக் கட்டினேன். மாவுப்பூச்சி குறையவில்லை.
— பாம்பன் வாசகர்

பதில்: குறையாது. அந்த அட்டை பறப்பவற்றைப் பிடிப்பதற்கு: வெள்ளை ஈ, சிறகு முளைத்த அசுவினி போன்றவை. பெண் மாவுப்பூச்சிக்குச் சிறகே இல்லை. மருந்துக் கடையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கி, பஞ்சு சுற்றிய குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டுத் துடையுங்கள்; கணுக்களையும் இலைக் காம்பின் இடுக்கையும் விட்டுவிடாதீர்கள். மீதி அட்டைகளை வெள்ளை ஈ வரும்போது பயன்படுத்தலாம். அது எப்படியும் வரும்.

கேள்வி: பூச்சிகளை ஒலி அலையால் விரட்டும் கருவி 1,299 ரூபாய்க்குத் தள்ளுபடியில் கிடைக்கிறது. செடிகளுக்கு அருகில் மாட்டலாமா?
— மண்டபம் வாசகர்

பதில்: என் வீட்டில் ஒன்று மூன்று ஆண்டுகளாக மாட்டியிருக்கிறது. இரவு முழுவதும் நீல விளக்கு எரிகிறது. அதன்மேல் ஒரு பல்லி குடியிருக்கிறது. பக்கத்துக் குரோட்டன்ஸில் மாவுப்பூச்சி சுகமாக இருக்கிறது. 2001ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், இத்தகைய கருவிகளைச் செய்பவர்களும் விற்பவர்களுமாக அறுபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு, அறிவியல் சான்று இல்லாமல் விளம்பரம் செய்யக் கூடாது என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அது தெரியாமல்தான் நான் வாங்கினேன்.

கேள்வி: மாடியில் உள்ள செடிகளின் இலை ஓரம் கருகுகிறது. வேப்பெண்ணெய், பூண்டுக் கரைசல், ஒட்டும் அட்டை, டயட்டம் மண் தூள் என்று 1,800 ரூபாய் செலவு செய்தாயிற்று. பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை. அடுத்து என்ன வாங்கலாம்?
— தொண்டி வாசகர்

பதில்: கண்ணில் படாத பூச்சிக்கு நான்கு மருந்து வாங்கிய பிறகு ஐந்தாவதற்கு என்னிடம் யோசனை கேட்கிறீர்கள். ஒரு வெள்ளைத் தாளை இலைக்கடியில் பிடித்துத் தட்டிப் பாருங்கள். தூசு போல விழுந்தவை நகர்ந்தால் சிலந்திப் பேன். எதுவும் நகராமல், கருகல் ஓரத்திலிருந்தும் நுனியிலிருந்தும் உள்நோக்கி வந்தால் அது உப்பு. கடற்காற்று மேலே கொண்டுவந்து போடுகிறது. நீங்கள் ஊற்றும் கிணற்றுத் தண்ணீர் கீழே சேர்க்கிறது. இலைகளை நல்ல தண்ணீரால் கழுவி, தொட்டியின் அடித்துளை வழியாக வடியும்வரை நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். டயட்டம் மண் என்பது நுண்பாசிகளின் ஓடுகள் படிந்த தூள்; உலர்ந்திருந்தால்தான் வேலை செய்யும். நம் கரையின் ஈரக் காற்றில் அது ஒரே இரவில் களியாகிவிடும்.

கேள்வி: வேப்பமுத்து எங்கள் தெருவிலேயே கொட்டிக் கிடக்கிறது. பாட்டில் வாங்கத்தான் வேண்டுமா?
— தேவிபட்டினம் வாசகி

பதில்: வேண்டாம். மேலோடு நீக்கிய பருப்பு 50 கிராமை இடித்து, துணியில் முடிந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டினால் விவசாயிகள் தெளிக்கும் அதே ஐந்து சதவீதக் கரைசல் கிடைத்துவிடும். பூசணம் பிடித்த முத்தை ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: மாவுப்பூச்சிக்கு நடுவில் பெரிய வெள்ளைப் புழுக்கள் வேகமாக ஓடுகின்றன. "இது முற்றிய பூச்சி" என்று கடைக்காரர் கடுமையான மருந்து ஒன்றைக் கையில் திணித்தார்.
— ஏர்வாடி வாசகர்

பதில்: அந்த மருந்தைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுங்கள். மாவுப்பூச்சி ஓடாது, தொட்டாலும் அசைந்து கொடுக்க யோசிக்கும். உடலெங்கும் நூல் போல நீண்ட மெழுகு இழைகளோடு கிளைமேல் விரைந்து போவது பெரும்பாலும் பொறிவண்டின் இளம்புழு. மாவுப்பூச்சியைத் தின்பதே அதன் பிழைப்பு. மாவுப்பூச்சியைக் கட்டுப்படுத்தவென்றே ஆஸ்திரேலியப் பொறிவண்டை வளர்த்து விடுகிறார்கள். 2008இல் கோவைப் பகுதியில் தென்பட்டுத் தமிழ்நாடு முழுவதும் பப்பாளியை அழித்த மாவுப்பூச்சியை அடக்கியதும் மருந்தன்று. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த ஒரு சிறு குளவிதான். உங்களுக்கு அந்தச் சேவை இலவசமாகக் கிடைத்திருக்கிறது. எறும்பை மட்டும் தடுங்கள். பூச்சி கசியவிடும் இனிப்புக்காக எறும்புதான் அதற்குக் காவல் நிற்கிறது. தொட்டியைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் ஒரு செங்கல்மேல் வைத்தால் எறும்பு ஏறாது. தட்டில் கொசு வளராதபடி தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டில் ரோஜாச் செடி ஒன்றைச் சும்மா தருகிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?
— பெரியபட்டினம் வாசகி

பதில்: வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் மூன்று வாரம் மற்றச் செடிகளிடமிருந்து தள்ளி வையுங்கள். பரமக்குடியில் தள்ளுவண்டிக்காரரிடம் 120 ரூபாய்க்கு நான் வாங்கிய இரண்டு ரோஜாச் செடிகள், நேராக மாடிக்குப் போய், பதினொரு தொட்டிகளுக்கு மாவுப்பூச்சி பரப்பின.