படித்தவர்கள் பிள்ளையை அடிப்பதில்லையா?

கேள்வி: நான் பட்டதாரி, கணவர் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவப் பள்ளித் தேர்வு) வரை படித்தவர். நாலு வயது மகனை அடிப்பது பற்றி வீட்டில் தினமும் சண்டை. அடிக்க வேண்டாம் என்றால் ‘படிச்ச திமிர்’ என்கிறார் மாமியார். படிப்புக்கும் அடிக்கும் சம்பந்தம் உண்டா? (வாசகி, செந்தூல்)

பதில்: உண்டு, ஆனால் பட்டத்தை அவ்வளவு நம்ப வேண்டாம். ‘பிள்ளையைத் திருத்த சில சமயம் நன்றாக நாலு சாத்து சாத்துவது அவசியமா?’ என்று அமெரிக்காவில் ஒரு தேசியக் கருத்தாய்வு 1986 முதல் கேட்டு வருகிறது. அப்போது 10 பேரில் 8 பேருக்கு மேல் ஆமாம் என்றார்கள். 2010களில் அது 7 பேர் அளவுக்கு இறங்கியது. பட்டதாரிகளிடம் ஆதரவு குறைவுதான். பைபிளை எழுத்துக்கு எழுத்து நம்பும் குடும்பங்களிலும், தாங்களே அடி வாங்கி வளர்ந்தவர்களிடமும் ஆதரவு அதிகம். படித்தவர்களுக்குச் சம்பளம், வீட்டின் அளவு, பிள்ளையைப் பார்க்க ஆள் எல்லாமே சேர்ந்து மாறிவிடுவதால், பட்டம் மட்டும் செய்த வேலை எவ்வளவு என்று பிரிப்பது கடினம்.

அந்த ஆய்வு கேட்டது கருத்தை. அடிப்பது கை. சாயங்காலம் 7 மணிக்கு எல்.ஆர்.டி. ரயில் நெரிசலில் வந்து இறங்கி, தரையில் மைலோ கொட்டிக் கிடப்பதைப் பார்க்கும்போது எந்தச் சான்றிதழும் ஞாபகத்துக்கு வராது. ஆகவே மாமியாரிடம் படிப்பைப் பேசாதீர்கள்.

கணவரோடு உட்கார்ந்து, விட்டுக்கொடுக்கவே முடியாத விதிகளை மூன்றோடு நிறுத்துங்கள்: அடுப்பு, ரோடு, தம்பி தங்கையை அடிப்பது. மற்றதைக் கண்டும் காணாமல் விடலாம். அடுக்களையிலிருந்து கத்தாமல் அருகில் போய்க் குனிந்து, ஒரே வேலையைச் சொல்லுங்கள். ‘தொல்லை பண்ணாதே’ என்றால் அவனுக்கு என்ன செய்வதென்று தெரியாது. ‘காரைப் பெட்டியில் போடு’ என்றால் தெரியும். 5 விநாடி பொறுங்கள். ஒரு முறை மட்டும் திரும்பச் சொல்லுங்கள். கேட்கவில்லையென்றால் அந்தக் கார் அன்று இரவு அலமாரி மேல். அந்த வாரம் முழுக்க வேண்டாம், நாலு வயதுக்கு அது புரியாது.

முதல் சில நாள் அழுகை கூடும். பழைய சத்தம் பலிக்காததால் இன்னும் பெரிதாகக் கத்திப் பார்ப்பான். பெரும்பாலான வீடுகள் தோற்பது இங்கேதான்: பாட்டி இரக்கப்பட்டு கைப்பேசியைக் கொடுத்துவிடுவார், ‘இவ்வளவு கத்தினால் கிடைக்கும்’ என்று பையன் கற்றுக்கொள்வான். பாட்டியை ஒதுக்காமல் அவருக்கும் ஒரு பொறுப்பு கொடுங்கள். சொன்னதைச் செய்ததும் உடனே பாராட்டுவது அவர் வேலையாகட்டும்.

கேள்வி: அப்பாவிடம் ரோத்தான் (பிரம்பு) அடி வாங்கித்தான் நான் உருப்பட்டேன். அடியாத மாடு படியுமா? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: அந்த அப்பா நீங்கள் யாரோடு சுற்றுகிறீர்கள் என்று விசாரித்திருப்பார், பள்ளிச் செலவுக்கு ஓவர்டைம் செய்திருப்பார். எது உருப்பட வைத்தது? சுமார் 160,000 பிள்ளைகளைப் பற்றிய 75 ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான பகுப்பாய்வில், அடி வாங்கியவர்களிடம் முரட்டுத்தனமும் மன உளைச்சலும் கூடுதலாகவே தெரிந்தன. ‘அடங்காத பிள்ளைதானே அடி வாங்கும்?’ என்பது நியாயமான கேள்வி. முந்தைய நடத்தையையும் கணக்கில் எடுத்து, வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளில் இந்தத் தொடர்பு சிறுத்தது; ஆனால் மறையவில்லை. இந்தியா, தாய்லாந்து உட்பட 6 நாடுகளில் பார்த்தபோதும், அடி சகஜமான இடங்களில் பாதிப்பு குறைவாக இருந்ததே தவிர, இல்லாமல் போகவில்லை. ரோத்தானில் இன்னொரு சிக்கல்: பிள்ளைக்கு அடி பழகிவிடும், அடுத்த முறை கை தானாக ஓங்கும்.

கேள்வி: பெற்றோர் அடிப்பது சட்டப்படி குற்றமா? (வாசகி, பாயான் லெப்பாஸ்)

பதில்: வீட்டில் அடிப்பதற்கு மலேசியாவில் நேரடித் தடை இல்லை. 1979இல் சுவீடன் செய்தது போன்ற சட்டம் இங்கே வரவில்லை. ஆனால் உடலுக்கோ மனத்துக்கோ காயம் ஏற்படும்படி கொடுமைப்படுத்தினால் 2001 சிறார் சட்டத்தின் 31ஆம் பிரிவு பாயும்: 50,000 ரிங்கிட் வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பக்கத்து வீட்டில் அப்படி நடந்தால் தாலியான் காசே (Talian Kasih) என்ற அரசு உதவி எண் 15999க்கு அழையுங்கள்.