கல்லீரல் கொழுப்பும் சிறுநீரகமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஸ்கேனில் ‘கிரேடு 2 ஃபேட்டி லிவர்’ என்று வந்தது. மருத்துவர் சிறுநீரகத்தையும் பார்க்கச் சொல்கிறார். ஏன்?

பதில்: சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். இன்சுலின் எதிர்ப்பு (உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலை), உயர் ரத்த அழுத்தம், வயிற்றுப் பருமன் ஆகிய மூன்றும் இரண்டு உறுப்புகளையுமே தாக்குகின்றன. அதோடு, கொழுப்பு படிந்து வீக்கமடைந்த கல்லீரல் ரத்தத்தில் கலக்கும் அழற்சிப் பொருட்கள் சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகளையும் பாதிக்கக்கூடும் என்று கருதப்படுகிறது. ஸ்கேனில் வரும் ‘கிரேடு’ கொழுப்பின் அளவை மட்டுமே காட்டும். கல்லீரலில் தழும்பு எவ்வளவு விழுந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். தழும்பு கூடக்கூட சிறுநீரகப் பாதிப்புக்கான வாய்ப்பும் கூடுகிறது. அதை அறிய, கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் உதவும்.

கேள்வி: அம்மாவுக்கு 65 வயது, ஃபேட்டி லிவர் உண்டு. கிரியாட்டினின் 1.1, லேப் தாளில் நார்மல் என்றே இருக்கிறது. நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: இன்னும் வேண்டாம். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் தசையிலிருந்து வருவதால், ஒரே எண் ஆளுக்கு ஆள் வேறு பொருள் தரும். அதே 1.1 ஒரு 25 வயது இளைஞருக்கு இருந்தால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் (eGFR) 95 அளவில் இருக்கும். உங்கள் அம்மாவுக்கோ கணக்குப்படி சுமார் 55தான். 60-க்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். ஆகவே மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள். காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரைச் சிறு குப்பியில் பிடித்துக் கொடுத்து, அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று காட்டும் அல்புமின்-கிரியாட்டினின் விகிதத்தையும் பாருங்கள். அது 30-க்குள் (மி.கி./கிராம்) இருப்பது நல்லது. கிரியாட்டினின் ஏறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அல்புமின் கசியத் தொடங்கிவிடலாம் என்பதால், என் பார்வையில் இந்தப் பரிசோதனையைத் தவிர்ப்பதுதான் நாம் அதிகம் செய்யும் தவறு.

கேள்வி: கல்லீரலைச் சுத்தம் செய்யும் பச்சைச் சாறுகள் குடிக்கலாமா?

பதில்: வேண்டாம். பசலைக்கீரை, நட்சத்திரப் பழம் போன்றவற்றைத் தினமும் நிறையச் சாறாக்கிக் குடித்தால், அவற்றிலுள்ள ஆக்சலேட் சிறுநீரகத்தில் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யலாம். கொரோனா காலத்தில் சீந்தில் குடித்துக் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கீரையைக் கூட்டாகச் செய்து சாப்பிடுங்கள், போதும்.

கேள்வி: எவ்வளவு எடை குறைக்க வேண்டும்?

பதில்: உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும், வீக்கமும் தழும்பும் தணிய 7 முதல் 10 சதவீதம் தேவைப்படும். 80 கிலோ எடையுள்ளவருக்கு முதல் இலக்கு 4 கிலோ. சர்க்கரை நோயும் இருந்தால், சிறுநீரகத்தைக் காக்கும் எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை தமக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மூட்டுவலிக்காக, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய டைக்ளோஃபெனாக் வலி மாத்திரையைக் கடையில் தாமாக வாங்கிப் போடுவதை மட்டும் இன்றே நிறுத்திவிடுங்கள்.