மறு: மாங்காய்ப் பணத்தை முழுக்க கூட்டுறவுச் சங்கத்துக்கு மாற்றலாமா?

வணக்கம் அக்கா. காவேரிப்பட்டணம் வங்கியில் மரியாதையாகப் பதில் சொல்ல ஆளில்லை, மாங்காய் விற்ற ஆறு லட்சத்தையும் ஊர்ச் சங்கத்திலேயே போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முழுவதையும் போட வேண்டாம்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் உறுப்பினராகச் சேருங்கள், அது நல்ல முடிவு. பங்கு எவ்வளவு இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டி கிடையாது. உரத்துக்கும் மருந்துக்கும் வெளியே வட்டிக்கு வாங்குகிற நமக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் சங்கம் வங்கி அல்ல. அங்கே போடும் டெபாசிட்டுக்கு, வங்கி நொடித்துப் போனால் பணத்தைத் திருப்பித் தருவதற்கு ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனம் தரும் காப்பீடு இல்லை. தருமபுரி மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி போன்ற கூட்டுறவு வங்கிகளுக்கு உண்டு. அசலும் வட்டியும் சேர்த்து ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரை. 2020க்கு முன் 1 லட்சம்தான். அதனால் இரண்டு வங்கியில் பிரித்துப் போடுங்கள். ஒரே வங்கியின் இரண்டு கிளையில் போட்டால் ஒன்றாகத்தான் கணக்காகும்.

பணம் போடப்போகும் இடத்தில் சேவை எப்படி என்று தெரிய, நகைக்கடன் கூட்டம் இருக்கும் நேரத்தில் அங்கே போய் நில்லுங்கள். நகை திருப்ப எவ்வளவு நேரம் ஆகிறது, பாஸ்புக்கை அன்றே பதிந்து தருகிறார்களா என்று வரிசையில் நிற்கும் பெண்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வதைத்தான் நான் நம்புவேன்.

அப்புறம், பழைய வங்கி மேல் உள்ள புகாரை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை.