உப்புத்தாள் போட்டுத் தேய்த்த யூரின் பாட்

கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்): தண்டையார்பேட்டையில் வசிக்கிறோம். அப்பாவுக்கு வயது 71, சர்க்கரை உண்டு, பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். அவருக்காக சர்ஜிகல் கடை ஒன்றில் 180 ரூபாய்க்கு யூரின் பாட் வாங்கினேன். பில் இருக்கிறது. அதன் வாயில் இருந்த பிளாஸ்டிக் பிசிறு தொடையைக் கீறிவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு, இன்னும் ஒரு வாரம் அதையே வைத்தோம். புண் சீழ் பிடித்து, தனியார் மருத்துவமனையில் 4 நாள், 23,400 ரூபாய் செலவு. கேட்கப் போனால் கடைக்காரர் நாலு பேர் முன்னால், "180 ரூபாய் சாமானுக்கு கோர்ட்டா?" என்று சிரித்தார். இப்போது ஆள் விட்டு, பழைய பாட்டைத் திருப்பிக் கொடுத்தால் 15,000 தருகிறேன் என்கிறார். 10 லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா?

வழக்கறிஞர் பதில்: கடிதத்தில் பாதிக்கு மேல் கடைக்காரர் சிரித்த கதைதான். சிரித்ததற்குச் சட்டத்தில் ஒன்றும் கிடையாது, விட்டுவிடுங்கள். வட சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் மனு போடலாம், இந்த விலைக்குக் கட்டணம் கிடையாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். மனு அப்பாவின் பெயரில் போக வேண்டும். காசு கொடுத்தது நீங்கள் என்றாலும், உங்கள் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்திய அவரும் நுகர்வோர்தான்.

உங்களுக்குச் சாதகமாக ஒன்று இருக்கிறது. அட்டையில் தயாரித்தவர் பெயரே இல்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். தயாரிப்பாளர் யாரென்றே தெரியாத பொருளை விற்றால், பொறுப்பு விற்றவர் தலையில் விழும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. கடைக்காரர் ஆள் விட்டதற்குக் காரணம் இரக்கம் என்று நினைக்காதீர்கள். அவருடைய வக்கீல் இதைச் சொல்லியிருப்பார்.

ஆனால் வழக்கு நிற்பதும் விழுவதும் அந்த உப்புத்தாளில்தான். பாதிப்பு நேர்ந்த சமயத்தில் பொருள் மாற்றப்பட்டிருந்தாலோ தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ விற்றவர் மேல் 'பொருள் பொறுப்பு' வழக்கு, அதாவது பொருளால் நேர்ந்த பாதிப்புக்கு நஷ்டஈடு கேட்கும் வழக்கு, நிற்காது. இது அடுத்த பிரிவு, 87. முதல் கீறல் விழுந்தபோது பாட் கடையிலிருந்து வந்தபடியே இருந்தது, சரி. சீழ் பிடித்தது நீங்கள் தேய்த்த பிறகு. 23,400 ரூபாயும் சீழுக்கு ஆன செலவு, கீறலுக்கு ஆனது இல்லை. எதிர்த்தரப்பு இந்த இடத்தில்தான் கத்தியை வைக்கும். "பிசிறு இருப்பது தெரிந்தும் ஏன் ஒரு வாரம் வைத்தீர்கள்? இன்னொரு 180 ரூபாய் இல்லையா?" என்று கேட்பார்கள். பதில் இருக்கிறதா?

இன்னொன்றையும் நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அம்மாவால் ராத்திரியில் எழுந்திருக்க முடியாததால் பாட்டை விடியும்வரை அப்பாவின் காலிடுக்கிலேயே வைத்துவிடுவீர்களாம். உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தால், ஈரமும் சேர்ந்து, விளிம்பு வழவழப்பாக இருந்தாலும் தோல் புண்ணாகும். சர்க்கரைக்காரருக்குக் கேட்கவே வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். "கீறலால் வந்த புண்" என்று இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். "படுக்கைப் புண், சர்க்கரை நோயாளி" என்று இருந்தால் என்னால் அதை வாதாடி அழிக்க முடியாது.

பிசிறைக் கண்ணால் பார்த்தாலே போதும், ஆய்வகம்கூடத் தேவைப்பட்டிருக்காது. இப்போது அது உப்புத்தாளோடு போய்விட்டது. தேய்ப்பதற்கு முன் எடுத்த போட்டோ யாருடைய போனிலாவது இருக்கிறதா என்று தேடுங்கள். அண்ணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால்கூட போதும். தேதியோடு இருக்கும்.

பழைய பாட்டைத் திருப்பிக் கொடுப்பது பற்றி. கொருக்குப்பேட்டைக் கட்சிக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். கமோடு சேரின் கால் மடங்கி அவருடைய அம்மா விழுந்துவிட்டார், இடுப்பெலும்பு முறிவு. கடையில் புது சேர் கொடுத்தார்கள். இவரும் நன்றி சொல்லிவிட்டு, உடைந்ததை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார். டெலிவரி சீட்டில் கையெழுத்தும் போட்டார். அடியில், "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று பொடி எழுத்தில் இருந்தது. என்னிடம் வந்தபோது கையில் மருத்துவமனை பில்லைத் தவிர ஒன்றும் இல்லை. நல்ல வழக்கு, நோட்டீஸோடு செத்துப்போனது.

அதனால் சொல்கிறேன், சமரசமாகப் போங்கள். 10 லட்சத்தை மறந்துவிடுங்கள். 23,400 முழுதாகக் கேளுங்கள், 20,000க்கு வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். 18,000 என்று நின்றாலும் நான் உங்கள் இடத்தில் இருந்தால் வாங்கியிருப்பேன். வழக்குப் போட்டாலும் ஆணையமே இரண்டு தரப்பையும் சமரசத்துக்கு உட்காரச் சொல்லலாம். அங்கே போய் உட்காரும்போது இந்த உப்புத்தாள் விஷயம் வெளியே வந்திருக்கும், கடைக்காரர் 15,000கூடத் தரமாட்டார். இன்று அவருக்கு அது தெரியாது. நீங்கள் வலியப் போய்ச் சொல்ல வேண்டியதில்லை, கேட்டால் பொய்யும் சொல்லாதீர்கள். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் கடைப் பெயரைப் போட்டுத் திட்டியிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள், அவதூறு என்று அவர் திருப்பினால் பேரம் தலைகீழாகிவிடும்.

சமரசத் தாளில் அப்பாவின் கைநாட்டு வேண்டும், சாட்சி இருவர் வேண்டும். உங்கள் கையெழுத்து மட்டும் போதும் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வெற்றுத்தாளில் எதுவும் வைக்க வேண்டாம். பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு பாட்டைக் கொடுங்கள். அதுவரை அதை ஒரு கவரில் பில்லோடு கட்டிப் பரண் மேல் வையுங்கள். பழைய பிளாஸ்டிக்காரர் வந்தால் எடுத்துப் போட்டுவிடக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்.