மணல்திட்டில் மூன்று முட்டைகள்

அன்புள்ள ஐயா,

பங்குனியில் நண்பர்களோடு காவிரிக்கரைக்குப் போயிருந்தேன். நீர் வற்றிய மணல்திட்டில் ஆற்று ஆலா என்னும் நீர்ப்பறவையின் மூன்று முட்டைகள் தெரிந்தன. என்னிடம் இருப்பது 300 மி.மீ. லென்ஸ்தான். கிட்டே போய் எடுக்கலாமென்று தண்ணீரில் இறங்கியதும் நண்பர் தடுத்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் என்ன ஆகிவிடும்? திரும்பும் வழியில் காட்டோரம் எடுத்த புரசம்பூப் படங்களும் வெறும் சிவப்புத் திட்டாக வந்திருக்கின்றன.

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர் செய்தது சரி. ஆலா கூடு கட்டாது, வெறும் மணலில் சிறு குழி பறித்து முட்டையிடும். அடைகாப்பது சூடு கொடுக்கத்தான் என்று நினைக்கிறோம். பங்குனி வெயிலில் அந்தத் திட்டில் நடப்பது நேர்மாறு. முட்டை வெந்துவிடாமல் ஆணும் பெண்ணும் மாறி மாறி நிழல் தருகின்றன, வயிற்றிறகை ஆற்றில் நனைத்து வந்து குளிர்விக்கின்றன. ஆள் நெருங்கினால் இரண்டும் மேலே எழும்பிக் கத்தும். அவை இறங்கும்வரை முட்டைக்கு மறைப்பே இல்லை. காகமும் அதற்குத்தான் காத்திருக்கும். ஆற்று ஆலா 2020 முதல் உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என். வெளியிடும் செம்பட்டியலில் அழிய வாய்ப்புள்ள இனம். பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குச் சமம்.

300 மி.மீ. தாராளமாகப் போதும். கரையிலேயே ஒரு மர நிழலில் தாழ்வாக உட்காருங்கள். ஆலா அலகைக் கீழே தாழ்த்தியபடி ஆற்றின் ஒரே பகுதியில் முன்னும் பின்னுமாகப் பறந்து மீன் தேடும், உங்களைத் தாண்டித் திரும்பத் திரும்ப வரும். ஷட்டர் வேகத்தை 1/2000 வினாடியாக வைத்துக்கொள்ளுங்கள். கருப்பு வெள்ளை மீன்கொத்தி இன்னும் எளிது. பாய்வதற்கு முன் அந்தரத்தில் சிறகடித்து ஒரே இடத்தில் நிற்கும், ஃபோகஸ் செய்ய அதுவே நேரம் தரும். பறவை தானாக நம்மைத் தேடி வந்த படத்தில் அதன் இயல்பு இருக்கும். விரட்டி எடுத்ததில் பயம்தான் தெரியும்.

புரசுக்கு வருகிறேன். கேமரா மொத்த வெளிச்சத்தைச் சரியாக அளந்தாலும் அந்தச் செம்மஞ்சளில் சிவப்பு மட்டும் அளவு மீறி, இதழின் மடிப்பும் ரோமமும் அழிந்துவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் ஒளியின் அளவை, முக்கால் ஸ்டாப் வரை குறையுங்கள், கேமரா காட்டும் ஒளி வரைபடமான ஹிஸ்டோகிராமில் சிவப்பைத் தனியே பாருங்கள். இலையுதிர்ந்து நிற்கும் மரம், பூ மறையாது. காலை எட்டு மணிக்குள் போனால் தேனுக்கு மைனாவும் கரிச்சானும் வந்திருக்கும். கிளையை வளைக்காமல், அவை வரும் பக்கமாகப் பார்த்து நில்லுங்கள்.